கிண்ணம் வைத்தவர்

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பேச்சு அடிபடுகிறது. கிண்ணம் வைப்பது, கிண்ணம் வைப்பது என்று ஊரே சொல்கிறதே, அதை முதன்முதலில் செய்த ஆசாமி இன்னும் உயிரோடு இருக்கிறாராம். வெறுமனே உயிரோடு இருந்தால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. கொஞ்சமும் கூச்சமில்லாமல் உயிரோடு இருக்கிறாராம்.

அந்தப் பக்கத்தில் கிண்ணம் வைப்பது என்றால், நம்ப வைத்துவிட்டுக் கம்பி நீட்டுவது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கியவர் கைபேசியை அணைத்துவிட்டால் அது கிண்ணம். சினிமா வாசலில் காத்திரு என்ற காதலி வராமலேயே இருந்துவிட்டால் அது கிண்ணம். புது மிக்ஸி ஒரே வாரத்தில் புகைவிட்டால் கடைக்காரர் வைத்த கிண்ணம்.

ஆரம்பித்தவர் யார் என்று மூன்று பேரைக் கேட்டால் நான்கு கதை கிடைக்கிறது. விருந்துக்குப் போன வீட்டில் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தகரக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தவர் என்பது ஒன்று. பாதி குடித்த சூப் கிண்ணத்தை மேஜையில் வைத்து, "இதோ கை கழுவிட்டு வரேன்" என்று போன கம்பெனிக் கணக்காளர், கம்பெனியின் பணத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு போய்விட்டார் என்பது இன்னொன்று. குருடராக நடித்துத் தெருவில் கிண்ணம் வைத்துப் பிச்சையெடுத்து மாடிவீடு கட்டியவர் என்று மூன்றாவது. நான்காவது கதையைச் சொன்னவர் கதையே சொல்லவில்லை. "நானே நேர்ல பாத்திருக்கேன் சார். ஒத்தைக் கண்ணு" என்று மட்டும் சொன்னார்.

சரி, ஒற்றைக் கண்ணைப் பார்த்துவிடலாம் என்று பாலத்தைக் கடந்து இந்தப் பக்கம் வந்து விசாரித்தால், டீக்கடைக்கார அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"யாரு, நம்ம கிண்ணத்தாரா? அவரு ஏமாத்துறவரா? அவரை ஏமாத்தாத ஆளு இந்தத் தெருவுல யாரு இருக்காங்கன்னு கேளுங்க. என்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

கிண்ணத்தாருக்கு இரண்டு கண்களும் இருக்கின்றன. கெட்டுப்போயிருப்பது முழங்கால்கள்தான்.

அவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அறுபதை எட்டிப் பார்க்கிற வயது. உடம்பைவிடக் கை நீளம். சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தால் கைகள் மட்டும் சுவருக்குள் தனியாகப் போய் வேலை செய்துவிட்டுத் திரும்பி வரும். அவருடைய தெருவில் எல்லாம் பழைய நான்கு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் கிடையாது. குழாய்களுக்கு, குடியிருப்பவர்களைவிட வயது அதிகம். அதனால் அவருக்கு வேலை வற்றியதே இல்லை.

வேலை செய்வதில் அவருக்கு ஒரு வழக்கம். ஒழுகும் இணைப்பைக் கழற்றி, சுரண்டி, சணல் சுற்றி, முறுக்கி, துணியால் ஈரம் போகத் துடைப்பார். எல்லா ரிப்பேர்க்காரரும் அத்தோடு கையை நீட்டுவார்கள். இவர் பையிலிருந்து ஒரு நசுங்கிய அலுமினியக் கிண்ணத்தை எடுத்து இணைப்புக்கு நேர் கீழே வைப்பார்.

"நாளைக்கு வரேன். யாரும் நகத்தாதீங்க. காஞ்சிருந்தா காசு குடுங்க. ஈரமா இருந்தா நல்லாத் திட்டுங்க."

ஏன் இந்த வேலை என்று கேட்டால் தண்ணீரைப் பற்றி ஒரு புகார் வைத்திருந்தார். "தண்ணி இருக்கே, அது ஆளு முன்னாடி நல்ல புள்ள மாதிரி கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். ஆளு படி இறங்கினதும் புத்தியைக் காட்டும்."

மறுநாள் வந்து குனிந்து, கிண்ணத்தின் அடியில் விரலால் ஒரு வட்டம் போட்டு, விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் கூலி. வாசலிலேயே வீட்டுக்காரி, "காஞ்சுதாங்க இருக்கு, இந்தாங்க பணம்" என்று நீட்டினாலும் வாங்கமாட்டார். "நான் பாக்கலையேம்மா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார். அவர் பையில் எப்போதும் பழைய பாத்திரக் கடையில் எடைக்கு வாங்கிய கிண்ணங்கள் சலசலத்துக்கொண்டிருக்கும். அவர் வருவது ஒரு மாடிக்கு முன்பே தெரிந்துவிடும்.

தெரு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. தெருவுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை என்ன? ஒருநாள் யாரோ, "கிண்ணம் வச்சுச் சொல்றேன்" என்றார்கள். சோதித்துப் பார்த்துக்கொள், நான் சொன்னது நிற்கும் என்று அர்த்தம். அப்புறம் காய்கறிக்காரர் கிண்ணம் வைத்து எடை போட்டார். ஆற அமர விசாரித்து முடித்த வரனுக்கு, கிண்ணம் வைத்துப் பார்த்த மாப்பிள்ளை என்று பெயர் வந்தது. கிண்ணத்தார் தெருவில் நடக்கும்போது இந்தச் சொல் எங்காவது ஒரு ஜன்னலிலிருந்து காதில் விழும். பையைத் தோள் மாற்றிக்கொள்வார். நடை சற்று நிமிரும்.

அவர் மனைவிக்கு அது தெரியும். "அவனவன் பேருக்குச் சிலை வைக்கிறாங்க. உங்களுக்குக் கிண்ணம் வச்சிருக்காங்க. போங்க, போய்க் கை கழுவிட்டு வாங்க" என்பாள்.

வீட்டில் வளர்ந்த சொல் வெளியே போய் என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடையில் இருந்த எல்லாப் பொருளும் சரக்காக இருந்த காலம் உண்டு, இன்று கடைக்காரரிடம் போய், "நல்ல சரக்கு வந்திருக்கா?" என்றால் அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார். 'பயங்கரமா பாடுறா' என்றால் பாடுகிறவளின் அம்மா பூரித்துப்போகிறாள். இதற்கெல்லாம் யாரும் உத்தரவு போடவில்லை.

கிண்ணத்தாருக்கே இதில் முன் அனுபவம் உண்டு. மனைவி வேறு ஊர்க்காரி. கல்யாணமான புதிதில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "உங்க அண்ணன் என்னைப் பேசிட்டாரு" என்றாள். "பேசினா நல்லதுதானே! அவன் யார்கிட்டயும் பேசவே மாட்டானே" என்று இவர் மனதார மகிழ்ந்தார். அவள் ஊரில் ஒருவரைப் பேசுவது என்றால் திட்டுவது. அந்த மகிழ்ச்சியின் விலையாக அன்று அடுப்பு எரியவில்லை. அடுத்தவர் ஊரில் சொல் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியும். தன் வீட்டுச் சொல்லும் அப்படிச் செய்யும் என்று நினைக்கவில்லை. தன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி யார்தான் அப்படி நினைக்கிறார்கள்?

விசாரணையில் முதல் குற்றவாளியாகக் கிடைத்தவர் தெருமுனைத் தையல்காரர். "கிண்ணம் வச்சுத் தெச்சுத் தரேன், போட்டுப் பாத்துட்டுக் காசு குடுங்க" என்று அவரும் நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார். ஆனால் தையல்காரர் தையல்காரர்தானே. நாளை என்றார், மறுநாள் என்றார், பொத்தான் பாக்கி என்றார். அவருடைய வாடிக்கையாளர்கள் கடைத்தெருவில், "என் சட்டைக்குக் கிண்ணம் வச்சுட்டான்" என்று புலம்பத் தொடங்கினார்கள். ஆக, கடைத்தெருவில் அந்தச் சொல்லுக்கு இழுத்தடிப்பது என்று அர்த்தமாயிற்று. சட்டை கிடைக்காதவர்களில் ஒருவர் அலுவலக குமாஸ்தா. அவர் அலுவலகத்தில் நகராத கோப்புகள் எல்லாம், "கிண்ணத்துல இருக்கு" என்று சொல்லப்பட்டன.

இழுத்தடிப்பதாகவாவது நின்றிருக்கலாம். பாலத்தைத் தாண்டியதும் சொல்லுக்குச் சகவாசம் கெட்டது. வத்தி வைப்பது, வேட்டு வைப்பது, ஆப்பு வைப்பது, கண்ணி வைப்பது, ஐஸ் வைப்பது: இந்த 'வைப்பது' குடும்பத்தில் யோக்கியர்கள் மிகவும் குறைவு. புதிதாகக் குடிவந்த கிண்ணம் எத்தனை நாள் தனியாக நல்லவனாக இருக்கும்? கொஞ்ச காலத்தில் அதுவும் பக்கத்து வீட்டாரைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டது.

கிண்ணத்தார் பாலத்தைத் தாண்டுவதில்லை. அவருக்கு இது எதுவுமே தெரியாது.

தெரிய வந்தது முழங்கால்களால். டாக்டர் படத்தை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, "குந்தி உக்காரக் கூடாது. மாடி ஏறக் கூடாது" என்றார். மீனைக் கூப்பிட்டு நனையாதே என்று சொன்ன மாதிரி. மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றுகொண்டே இஸ்திரி போட வேண்டும். வீட்டில் ஒரே தைலப் புட்டியை நான்கு முழங்கால்கள் பங்கு போட்டுக்கொண்டன. மூன்றாவது மாடிக்குக் கூப்பிட்டால் இவர் முதல் மாடியில் ஒருமுறை, இரண்டாவதில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டுப் போவார். பொறுமையில்லாதவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அப்போதுதான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. பாலத்துக்கு அந்தப் பக்கம் வானத்தை முட்டுகிற புதுக் குடியிருப்பில் லிஃப்ட் மெக்கானிக். வந்தவன் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"மாமா, எங்க பில்டிங்குல நிரந்தரமா ஒரு பிளம்பர் கேக்குறாங்க. மாசச் சம்பளம். எந்த மாடிக்கும் லிஃப்ட். கீழ தனி ரூம், அதுல ஒரு நாற்காலி."

"நாற்காலியா?" என்றாள் மனைவி. சம்பளத்தைக்கூட அவள் அப்படிக் கேட்கவில்லை.

"கை வச்ச நாற்காலிக்கா. மோட்டார் ரூம்ல ஒரு ஜாயிண்ட் அழுதுகிட்டே இருக்கு. ரெண்டு பேர் வந்து பாத்தாங்க, அவங்களும் கூட சேந்து அழுதுட்டுப் போயிட்டாங்க. மாமா அதைச் சரி பண்ணிட்டார்னா வேலை அவருக்குத்தான். செக்ரட்டரி அம்மாகிட்ட பேசிட்டேன்."

கிண்ணத்தார் தன் முழங்கால்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவற்றிடம் நல்ல சேதி சொல்வதைப்போல.

மச்சினன் டீயைக் குடித்து முடித்தான். காலி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு சொல்வேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு மாப்ள."

"அங்க கிண்ணம் வைக்காதீங்க."

"ஏன், எடம் இல்லியா?"

"எடமெல்லாம் நெறைய இருக்கு. அர்த்தம்தான் வேற."

சொன்னான். மிக்ஸி, காதலி, முன்பணம் எல்லாவற்றையும் சொன்னான். மனைவிக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்நூறு வீட்டுத் தொட்டிக்கு அடியில் படுத்து எழுந்த மனிதரை ஊர் மோசடிக்காரர் ஆக்கினால் சிரிக்காமல் என்ன செய்வது? சிரித்துக்கொண்டே புருஷன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அப்படியே விழுங்கிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எப்போலேருந்து?" என்றார் கிண்ணத்தார்.

"ரொம்ப வருஷமா மாமா. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"நீயும் அப்படித்தான் சொல்வியா?"

மச்சினன் கதவைப் பார்த்தான். "எப்பவாவது. வாய்ல வந்துடுது மாமா."

அவர் தலையாட்டினார். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யார் மேல் கோபப்படுவது? தையல்காரர் மேலா, குமாஸ்தா மேலா, பாலத்தின் மேலா?

சோதனை நாள் காலையில் மனைவியே பையைச் சோதனை போட்டாள். அடியில் ஒளிந்திருந்த சின்னக் கிண்ணம்வரை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். பதிலுக்கு அவளுடைய எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு வைத்தாள். "ஒழுங்கா வேலையை முடிச்சிட்டு, கையை வீசிக்கிட்டு வரணும். புரிஞ்சுதா? நாற்காலியை நினைச்சுக்குங்க." பையில் சலசலப்பு இல்லாததால், படியிறங்கும்போது தனக்குப் பின்னால் வர வேண்டிய யாரோ வரவில்லை என்பதுபோல அவர் இரண்டுமுறை திரும்பிப் பார்த்தார்.

குடியிருப்பின் செயலாளர் அம்மாள் நல்ல மாதிரி. பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் மணி அடித்தது. "நாளைக்குக் காலையில கமிட்டி வந்து பாக்கும். ஒழுகலைன்னா அடுத்த மாசத்துலேருந்து நீங்க நம்ம ஆளு. இன்னிக்குச் செய்ற வேலைக்குக் கூலி தனி" என்றார். "உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டபோது, கிண்ணத்தார் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டு, "சும்மா பிளம்பர்னுதான் மேடம்" என்றான்.

மோட்டார் அறை தரைக்கு அடியில் இருந்தது. ஜாயிண்ட் அழுதுகொண்டுதான் இருந்தது. முன்பு வந்தவர்கள் வெளியே வெள்ளைப் பசையை அப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதுபோல. அவர் அதை உரித்தார். உள்ளே மரையில் ஒரு பல் சாய்ந்திருந்தது. வால்வை மூடி, அந்தத் துண்டையே கழற்றிப் புதியது வைத்து, சணலை மெல்லிசாகப் பிரித்து மரையோடு ஓடவிட்டு, முறுக்கினார். கடைசி கால் திருப்பில் மூச்சைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீரைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. துடைத்தார்.

கை தானாகப் பைக்குள் போயிற்று. சாவி, சணல், மத்தியானம் சாப்பிட்டு முடித்த டப்பா. அவ்வளவுதான்.

சரி, கிளம்புவோம் என்று லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். வந்தது. கதவு திறந்தது. எதிரே கண்ணாடியில் ஒரு மனிதர் அரைகுறையாக வேலை செய்துவிட்டு நழுவுகிறவர் மாதிரி நின்றிருந்தார். கதவு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

திரும்பிப் போனார். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தண்ணீரை நம்பி, பார்க்காமல் கூலி வாங்குவது எப்படி? நாளைக்குக் கமிட்டி மேலோட்டமாகப் பார்க்கும். வேலை கிடைத்துவிடும். அதன் பிறகு ஒழுகினால்? இது முன்பின் தெரியாத ஊர். தெரியாத ஊரில் இன்னும் ஜாக்கிரதையாகத்தானே இருக்க வேண்டும்? இப்படியெல்லாம் அவர் யோசித்தார் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். உண்மையில் யோசித்தது கை மட்டும்தான். டப்பாவைக் கழுவி, சட்டை முனையால் துடைத்து, ஜாயிண்டுக்கு நேர் கீழே வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் அவர் சமாதானம் தேடினார். இது கிண்ணமே இல்லை, டப்பா. தவிர, காலையில் முதல் ஆளாக வந்து எடுத்துவிடலாம்.

காலையில் முதல் ஆளாக வந்தவர் மோட்டார் போடும் காவலாளி. கிண்ணத்தார் வந்த பஸ் பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது, டப்பாவின் படம் குடியிருப்பின் வாட்ஸப் குரூப்பில் ஏறிவிட்டது.

"புது பிளம்பர் கிண்ணம் வைத்துவிட்டார்" என்று ஒருவர் எழுதினார். "யாருக்கு?" என்றார் இன்னொருவர். "மெயின்டனன்ஸ் கட்டுற எல்லாருக்கும்தான்." சிரிக்கிற மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. சிரிப்பு எவ்வளவு நேரம் சும்மா இருக்கும்? அட்வான்ஸ் எதுவும் கொடுத்தாகிவிட்டதா என்று ஒருவர் கவலைப்பட்டார். இவரைச் சிபாரிசு செய்தது யார் என்று கேட்டார் ஒருவர். லிஃப்ட் மெக்கானிக்கின் மாமா என்று தெரிந்ததும், போன மாதம் லிஃப்ட் நடுவில் நின்றதே, அந்தக் கதை என்ன என்று மூன்றாமவர் கிளறினார்.

அலுவலகத்தில் செயலாளர் அம்மாளின் மேஜைமேல், செய்தித்தாள் விரித்து, அதன்மேல் டப்பா இருந்தது. பக்கத்தில் கமிட்டி உறுப்பினர் ஒருவர், கனத்த மீசை. கதவோரம் மச்சினன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது உங்களுதா?" என்றார் அம்மாள்.

"ஆமாம்மா. காஞ்சிருந்துச்சா?"

"என்னது?"

"உள்ள காஞ்சிருந்துச்சாம்மா? யாரு எடுத்தாங்க? சாய்ச்சு எடுத்திருந்தா ஈரம் ஓரத்துக்குப் போயிருக்கும்."

"ஜாயிண்ட் நல்லா இருக்கு. ஒரு சொட்டு இல்ல, நானே போய்ப் பாத்தேன். பிரச்சினை அது இல்லீங்க."

"எங்களை என்ன கேலி பண்றீங்களா?" என்றார் மீசை. "வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே கிண்ணம் வச்சு, அதை நாங்க பாக்கணும்னு நடுவுலயே விட்டுட்டுப் போறீங்க."

மச்சினன் தலையை நிமிர்த்தாமலே, வேண்டாம் மாமா என்பதுபோல அசைத்தான். ஆனால் கிண்ணத்தாருக்கு, நடந்ததைச் சொன்னால் மனிதர்களுக்குப் புரியும் என்று ஒரு நம்பிக்கை அந்த வயதிலும் மிச்சம் இருந்தது.

"ஐயா, அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்லீங்க. அது எங்க தெருவுல பொறந்த வார்த்தை. என்னை வச்சுத்தான் வந்துச்சு. எங்க வேலை செஞ்சாலும் கிண்ணம் வச்சிட்டுத்தான் போவேன். அதை வச்சு எல்லாரும் சொல்ல ஆரம்பிச்சாங்க. நாலு பேர்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க."

மீசை மெதுவாக முன்னால் குனிந்தார்.

"அப்போ, அது நீதானா?"

ஒரே வாக்கியத்தில் அவர் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்துவிட்டதை எல்லோரும் கவனித்தார்கள். கிண்ணத்தார், "ஆமாங்க, ஆனா..." என்றார். அந்த 'ஆமாங்க' மட்டும்தான் அறையை விட்டு வெளியே போயிற்று. முதன்முதலில் கிண்ணம் வைத்த ஆசாமி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்ற பேச்சு அன்றைக்குத்தான் பிறந்தது. ஒற்றைக் கண்ணும் வெள்ளிக் கிண்ணமும் பிறகு சேர்ந்தவை.

அவர் மேற்கொண்டு விளக்கினார். தண்ணீரின் குணத்தைச் சொன்னார், தையல்காரரைச் சொன்னார், கிண்ணம் வைத்துப் பார்த்த மாப்பிள்ளைகளைச் சொன்னார். ஒவ்வொன்றும் சொன்னவுடன் ஒப்புதல் வாக்குமூலமாக மாறி மேஜைமேல் டப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் மச்சினன் வந்து அவர் கையைப் பிடித்து, "போதும் மாமா, என் வேலையும் இங்கதான் இருக்கு" என்றான், மிகத் தாழ்ந்த குரலில்.

லிஃப்ட்வரை செயலாளர் அம்மாள் கூட வந்தார். "நான் உங்களை நம்புறேங்க. நெஜமா நம்புறேன். ஆனா நான் ஒருத்தி நம்பி என்ன பண்றது? நீங்க எந்த வீட்டுக்குப் போனாலும் சிரிப்பாங்க. சிரிச்சு முடிச்சதும் சந்தேகப்படுவாங்க. இது ஒரு வார்த்தைதான், ஆனா அதை நான் சுற்றறிக்கை போட்டு மாத்த முடியுமா, சொல்லுங்க."

முடிந்திருந்தால் கிண்ணத்தாரே முன்னால் செய்திருப்பாரே.

"டப்பாவை எடுத்துக்குங்க. இந்தாங்க, நேத்துக் கூலி." ஓர் உறையை நீட்டினார்.

டப்பாவை வாங்கிக்கொண்டார். உறையை வாங்கவில்லை. "நான் பாக்கலையேம்மா."

"நான்தான் பாத்தேனே!"

"நீங்க பாத்தீங்க. ஆனா நான் வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டீங்களே. இன்னும் ஒரே ஒரு நாள் வச்சிட்டுப் போறேன். நாளைக்கு வந்து பாத்துட்டு வாங்கிக்கிறேன்."

"ஐயோ, வேணவே வேணாம்!" என்றார் அம்மாள். தலைமை ஆசிரியைக் குரல் போய் வேறு ஏதோ குரல் வந்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒருவன் மற்றவனிடம், "அவ எனக்குக் கிண்ணம் வச்சுட்டாடா" என்று குமுறிக்கொண்டிருந்தான். கிண்ணத்தார் பொறுத்துப் பார்த்தார். பாலம் பாதி வந்ததும் முடியவில்லை.

"தம்பி, கிண்ணம் வைக்கிறதுன்னா அது இல்லப்பா. ஒரு வேலையைச் செஞ்சா அது நிக்குதான்னு பாத்துட்டு..."

"தாத்தா, மொக்கை போடாதீங்க" என்றான் பையன். கெட்ட பையனில்லை, எழுந்து இடம்கூடக் கொடுத்தான்.

அவர் அறிந்தவரை மொக்கை என்பது கத்தியின் முனை மழுங்குவது. கையில் கத்தி எதுவும் இல்லையே என்று யோசித்தபடி, அவன் கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "என் டப்பாவையா வச்சீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அதை வாங்கிப் புளிபோட்டுத் தேய்த்தாள். ரொம்ப நேரம் தேய்த்தாள். நாற்காலியைப் பற்றி அவள் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. சில நாள் கழித்து, "இனிமே கிண்ணத்துக்குப் பதிலா தட்டு வைங்களேன்" என்றாள்.

"தட்டுல வழிஞ்சிடும்."

"பேப்பர் விரிச்சுட்டு வாங்க."

"பேப்பர் ஈரமாகி மறுபடியும் காஞ்சு போச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எழுந்து போனாள். தைலப் புட்டியை எடுத்து வந்து முதலில் அவர் காலில் தேய்த்தாள்.

இப்போது இந்தப் பக்கத்துத் தெருவிலேயே எதிர்க் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், அவர் கிண்ணத்தை எடுத்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டில், "அதை மட்டும் வெளியில எடுத்துட்டுப் போயிடுங்க, புள்ளைங்க கேலி பண்ணும்" என்றார்கள். எடுத்துக்கொண்டு போனார். அந்த வீட்டில் கூலி வாங்கினாரா என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. மாடிப்படிகளில் அவர் உட்காருகிற இடங்கள் கூடிவிட்டன.

குடியிருப்பில் வேறொருவரை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். மோட்டார் அறை ஜாயிண்ட் ஒரு சொட்டுகூட விடவில்லை என்று மச்சினன் சொல்கிறான். சொல்லும்போதெல்லாம், அம்மாள் கொடுத்தனுப்பிய உறையையும் நீட்டுகிறான்.

"வாங்கித் தொலைங்க மாமா. செக்ரட்டரி அம்மா என்னைப் பாக்குறப்பல்லாம் கேக்குறாங்க."

போன வாரம் அந்த அம்மாளே கைபேசியில் கூப்பிட்டார். "உங்க கூலி உங்க கைக்கு வந்து சேராம எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது. தயவுசெஞ்சு வாங்கிக்குங்க."

"ஒரு நாள் போதும்மா. வச்சுட்டு, மறுநாள் பாத்துட்டு உடனே வாங்கிக்கிறேன்."

"அது ஒண்ணு மட்டும் முடியாதுங்க."

"எனக்கும் அப்படித்தான்மா."

கடைசியில் அம்மாள், "சரிங்க, இருக்கட்டும்" என்றார். இவரும், "இருக்கட்டும்மா" என்றார்.

உறை மச்சினனின் கருவிப் பையில், கிரீஸ் டப்பாவுக்கும் திருப்புளிக்கும் நடுவில் கிடக்கிறது. அவனோடு தினமும் லிஃப்டில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.